சித்தியிடம் முதலில் போங்கள்

வாசகர் கடிதம்:

என் அம்மா 1946-இல் இன்றைய மலேசியாவின் ஜோகூரில், கூலாய்க்கு அருகே ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். தோட்டப் பள்ளியில் ஆறாம் வகுப்புவரை படித்தார். பதிமூன்று வயதில் பால்மரம் வெட்ட (ரப்பர் மரத்தைச் சீவிப் பால் எடுக்க) போனார். தாத்தா சயாம் (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் போய்த் திரும்பியவர். சித்தி பள்ளிக்கூடமே போகவில்லை. சின்ன வயதிலேயே அம்மாவோடு வெட்டுக்குப் போய்விட்டார். பெரிய மாமா 1970-இல் தமிழ்நாட்டுக்குப் போனவர்தான், தொடர்பு விட்டுப்போனது. அம்மா 1966-இல் திருமணமாகி சிங்கப்பூர் வந்தார். அப்பாவுக்கு செம்பவாங் கடற்படைத் தளத்தில் வேலை. அம்மா புனைபெயரில் சிறுகதைகளும் வானொலி நாடகங்களும் எழுதினார் என்று தெரியும். எவ்வளவு என்று தெரியாது. அப்பா முன்பே காலமாகிவிட்டார். அம்மா சென்ற ஆண்டு போய்விட்டார். அவருடைய தகரப் பெட்டியில் பத்திரிகை நறுக்குகள், கடிதங்கள், நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. ஒரு நோட்டில் தாத்தாவின் குடி, பாட்டி வாங்கிய அடி, தமக்கு நிச்சயமாகி நின்றுபோன கல்யாணம் எல்லாவற்றையும் எழுதியிருக்கிறார். அம்மாவின் வாழ்க்கையை நான் எழுத நினைக்கிறேன். தம்பிக்கு விருப்பமில்லை. கூலாயில் இருக்கும் சித்தி (வயது 74), "செத்தவங்க கதையை ஊருக்குச் சொல்லாதம்மா" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். நான் எழுதலாமா? பெட்டியை என்ன செய்வது? அட்டையில் எந்தப் பெயரைப் போடுவது?

– ஈசூன் வாசகி

பதில்:

சகோதரிக்கு வணக்கம்.

எழுதலாம். எழுத வேண்டும் என்றே சொல்வேன். ஆனால் எழுத உட்காருவதற்கு முன் கூலாய்க்கு ஒருமுறை போய்வாருங்கள். முடிந்தால் தம்பியையும் கூட்டிக்கொண்டு.

பழைய காகிதங்களைப் பராமரிப்பதும் முதியவர்களின் பேச்சைப் பதிவு செய்வதும்தான் என் தொழில். பெட்டியோடு வருகிற பிள்ளைகள் எல்லாரும் முதலில் காகிதத்தைப் பற்றியே கேட்கிறார்கள். காகிதம் காத்திருக்கும். ஒழுங்காக வைத்தால் உங்கள் பேரப்பிள்ளைகள் காலத்துக்கும் இருக்கும். எழுபத்து நான்கு வயதுச் சித்தியின் நினைவுக்கு அப்படி ஓர் உத்தரவாதம் கிடையாது.

உங்கள் கடிதத்தில், போகிற போக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள். சித்தி பள்ளிக்கூடமே போகவில்லை, அம்மாவோடு வெட்டுக்குப் போய்விட்டார் என்று. எனக்கு அந்த வரியைத் தாண்டிப் போக மனம் வரவில்லை. ஒரு வீட்டில் இரண்டு பெண்கள். ஒருத்தி ஆறு வகுப்பு படிக்கிறாள், பிறகு எழுத்தாளர் ஆகிறாள். இன்னொருத்திக்கு எழுத்தே இல்லை. இது எப்படி நடந்தது? அக்கா பள்ளிக்கூடம் போகும்போது வீட்டில் கைக்குழந்தையைப் பார்த்தது யார்? அக்கா இரவில் எழுதினால், விடியுமுன் எழுந்து அவளுடைய நிரையில் (மர வரிசையில்) மங்கு (பால் பிடிக்கும் கிண்ணம்) துடைத்துக் கொடுத்தது யார்? எனக்குப் பதில் தெரியாது, சித்திக்குத் தெரியும். உங்கள் புத்தகத்தின் பாதி அந்தப் பதிலில் இருக்கிறது என்று நினைக்கிறேன். சித்தி கோபமாகப் போனை வைத்ததுகூட, "அவள் கதையை மட்டும்தானே எழுதப் போகிறாய்" என்ற வருத்தமாக இருக்கலாம். போய்ப் பார்த்தால்தான் தெரியும்.

போகும்போது "சித்தி, அம்மாவைப் பற்றிச் சொல்லுங்கள்" என்று தொடங்காதீர்கள். அப்படிக் கேட்டால் யாராக இருந்தாலும், "என்னத்தைச் சொல்ல, நல்லவ" என்று முடித்துவிடுவார்கள். சித்தியைப் பற்றிக் கேளுங்கள். விடியுமுன் பெரட்டுக்கு (ஆள் கணக்கெடுப்புக்கு) எத்தனை மணிக்கு எழுந்தீர்கள், யார் எழுப்பினார்கள்? லயத்தில் (தொழிலாளர் வரிசை வீடுகளில்) பக்கத்து வீட்டில் யார் இருந்தார்கள்? வெயில் ஏறினால் பால் ஓட்டம் குறையும் என்பதால் இருட்டிலேயே வெட்டுக்குப் போனீர்களே, தலையில் விளக்கா, கையில் விளக்கா? முதல் சம்பளத்தை யார் வாங்கினார்கள்? ஒட்டுப்பால் (மரத்தில் உறைந்து ஒட்டிய பால்) பொறுக்கப் போனபோது உங்களுக்கு என்ன வயது? தோட்டத்துக்குச் செய்தித்தாள் யார் வழியாக வந்தது: வாத்தியார் வீட்டிலிருந்தா, கிராணி (தோட்டத்து எழுத்தர்) வீட்டிலிருந்தா, தோட்டத் தொழிலாளர் சங்க ஆளிடமிருந்தா? இந்தக் கடைசிக் கேள்வியை மறக்காமல் கேளுங்கள். ஒரு பெண் பிள்ளையின் கைக்குப் பத்திரிகை வந்து சேர்ந்த வழி தெரிந்தால், அவர் எப்படி எழுத்தாளரானார் என்பதும் தெரிந்துவிடும்.

ஒரு பெரிய வெள்ளைத்தாளும் பென்சிலும் கொண்டுபோங்கள். லயம் எங்கே, கோயில் எங்கே, ஸ்டோர் எங்கே, ஆயாக்கொட்டகை (குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் இடம்) எங்கே, கள்ளுக்கடை எங்கே என்று சித்தியையே கோடு போடச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் படம் போடும்போது சொல்கிற விவரம் அலாதியானது. 1950-களின் பிற்பகுதியிலிருந்து எத்தனையோ தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டன. மிஞ்சியவற்றிலும் பல பிறகு எண்ணெய்ப்பனையாகவும் வீடமைப்புப் பேட்டையாகவும் மாறிவிட்டன. சித்தி போடும் அந்தப் படத்தைத் தவிர அம்மா பிறந்த இடத்துக்கு வேறு வரைபடம் இல்லாமலும் போகலாம்.

கைபேசியில் பதிவு செய்தாலே போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், கைபேசியை ஒரு துண்டின்மேல் வையுங்கள், அழைப்பு வராதபடி செய்துகொள்ளுங்கள். ஒரு மணி நேரத்துக்குமேல் இழுக்க வேண்டாம். அடுத்த தடவை போகலாம். தொடக்கத்திலேயே சித்தி தம் பெயரைச் சொல்லி, பதிவு செய்யச் சம்மதம் என்று தம் வாயாலேயே சொல்லட்டும். "இதை மட்டும் வெளியே சொல்லாதே" என்று எதையாவது சொன்னால் அது வெளியே வரக்கூடாது. அந்த வாக்கைக் காப்பாற்றினால்தான் அடுத்த முறை கதவு திறக்கும்.

இப்போது தாத்தாவின் குடி. உங்கள் தம்பி அஞ்சுவது இதற்குத்தான் என்று தெரிகிறது. அவருடைய அச்சத்தை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். தாத்தாவை ஊர் முன்னால் குடிகாரராக நிறுத்துவது எந்தப் பேரனுக்கும் வலிக்கும். ஆனால் அந்தக் குடியைத் தனியாகப் பிய்த்து எடுத்துக் காட்டினால்தான் அது அவமானம். அது நின்ற இடத்தோடு சேர்த்து எழுதிப் பாருங்கள்.

கள்ளுக்கடை தோட்டத்துக்குள்ளேயே இருந்தது. உரிமம் வாங்கி, நிர்வாகத்தின் கண்ணெதிரே நடந்த கடை. கையில் கொடுத்த கூலி அதே தோட்டத்துக் கடைக்குத் திரும்பிப் போனது. இதைத் தொழிலாளர்கள் அறியாதவர்கள் அல்லர். 1941-இல் கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் ஆர். எச். நாதன் தலைமையில் நடந்த வேலைநிறுத்தத்தின் கோரிக்கைகளில் ஒன்று, கள்ளுக்கடைகளை மூட வேண்டும் என்பது. கூலி உயர்வு, பிள்ளைகளுக்குப் படிப்பு, பெண்களிடம் அத்துமீறல் நிற்பது, துரையைக் கண்டால் சைக்கிளிலிருந்து இறங்க வேண்டிய கட்டாயம் போவது ஆகியவற்றோடு அதையும் கேட்டார்கள். படையை இறக்கி அந்தப் போராட்டத்தை அடக்கினார்கள். தொழிலாளர்கள் சுடப்பட்டு இறந்தார்கள். கடை இருந்தது.

அடுத்து சயாம். தாத்தா சயாமுக்குப் போய்வந்தவர் என்று ஒரே வரியில் எழுதிவிட்டீர்கள். ஜப்பானியர் சயாமையும் பர்மாவையும் இணைக்கப் போட்ட 415 கிலோமீட்டர் ரயில் பாதை 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடிந்தது. மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரக்கணக்கான தமிழர்களை அங்கே கொண்டுபோனார்கள். காலராவிலும் மலேரியாவிலும் பட்டினியிலும் செத்தவர்கள் போக மீந்தவர்கள் திரும்பினார்கள். போர்க்கைதிகளாக இறந்த வெள்ளைக்காரச் சிப்பாய்களுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. தமிழ்க் கூலிகளுக்கு ஒழுங்கான பெயர்ப்பட்டியல்கூட இல்லை. திரும்பி வந்தவர்களில் பெரும்பாலோரிடம் யாரும் உட்கார்ந்து என்ன நடந்தது என்று கேட்கவுமில்லை. உங்கள் அம்மா 1946-இல் பிறந்திருக்கிறார். அப்படித் திரும்பி வந்த மனிதருக்குப் பிறந்த பிள்ளை அவர். அம்மா அந்த நோட்டில் தாத்தா இரவில் அலறியதையோ எதையாவது பார்த்து நடுங்கியதையோ எழுதியிருக்கிறாரா என்று மறுபடியும் படித்துப் பாருங்கள்.

இதனால் பாட்டி வாங்கிய அடி நியாயமாகிவிடாது. அதை மூடி எழுதவும் வேண்டாம். அடி அடிதான், வாங்கியவர் பாட்டி. அந்த நோட்டில் அம்மா யார் பக்கம் நின்று எழுதியிருக்கிறாரோ அந்தப் பக்கமே நீங்களும் நில்லுங்கள். தம்பியிடம் நோட்டைக் கொடுக்குமுன் இந்தச் சயாம் விவரத்தைச் சொல்லுங்கள். அவருக்குத் தாத்தாவின் முகம் வேறாகத் தெரியக்கூடும்.

மாமாவின் கதையும் இப்படித்தான். "போனவர்தான், தொடர்பு விட்டுப்போனது" என்று குடும்பங்களில் சொல்லும்போது அவர்மேல் ஒரு குறை ஒட்டிக்கொள்கிறது. மலேசியாவில் 1968-இல் வந்த வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டத்துக்குப் பிறகு, குடியுரிமை இல்லாதவர்கள் வேலை செய்ய அனுமதி வாங்க வேண்டியதாயிற்று. அதற்குப் பிந்திய ஆண்டுகளில் தோட்டத் தமிழர்கள் பெருங்கூட்டமாகக் கப்பலேறினார்கள். 1970-இல் போன ஒருவரைப் பற்றி எழுதும்போது, அவரிடம் அப்போது எந்த நிற அடையாள அட்டை இருந்தது (குடியுரிமை உண்டா இல்லையா என்பதை அந்த நிறமே காட்டும்) என்று சித்தியிடம் கேட்டுவிட்டு எழுதுங்கள்.

நின்றுபோன கல்யாணத்தைப் பற்றி என் கருத்து வேறு. அந்த மனிதரோ அவருடைய பிள்ளைகளோ இன்று உயிரோடு இருக்கலாம். அவர்கள் உங்களிடம் எதையும் ஒப்புக்கொடுக்கவில்லை. பெயர், ஊர், உறவு எதுவும் வேண்டாம். விஷயமே வேண்டுமா என்பதை அம்மாவின் கதைகளைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள். அதற்கு ஒரு வழி சொல்கிறேன். நோட்டையும் அச்சில் வந்த கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். நோட்டில் உள்ளது ஏதாவது ஒரு கதையில் வேறு பெயரில், வேறு ஊரில் வந்திருக்கிறதா? வந்திருந்தால் அதை வெளியே விடலாம் என்று அம்மாவே ஒரு முடிவு எடுத்திருக்கிறார், எந்த அளவுக்கு என்பதையும் அவரே காட்டியிருக்கிறார். கடைசிவரை எந்தக் கதையிலும் வராதது ஒன்று இருந்தால் அதை அவர் வேண்டுமென்றே வைத்துக்கொண்டார் என்று எடுத்துக்கொள்ளுங்கள். அவர் எழுத்தாளர். எதை அச்சுக்கு அனுப்புவது, எதைப் பெட்டியில் போடுவது என்று தெரிந்தவர்.

ஆகவே என் யோசனை, வாழ்க்கை வரலாற்றுக்கு முன் கதைத்தொகுப்பு வரட்டும். அந்தக் கதைகள் ஏற்கெனவே ஊர் படித்தவை. தம்பிக்கும் சித்திக்கும் மறுக்கக் காரணம் குறைவு. அம்மாவை முதலில் எழுத்தாளராகப் பார்த்துவிட்டால் பிறகு நோட்டைப் பற்றிப் பேசுவது எளிதாகும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதில் தம்பியின் விருப்பம் வெறும் மனவருத்தமாக நின்றுவிடாது. சிங்கப்பூரில் எழுத்தாளர் இறந்து 70 ஆண்டுகள்வரை பதிப்புரிமை நீடிக்கும். 2021-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்துக்குப் பிறகு, அச்சேறாத எழுத்துக்கும் 2023 முதல் இதே கணக்குத்தான். அம்மா உயில் எழுதவில்லை, அப்பாவும் இல்லை என்றால், முஸ்லிம் அல்லாதவர்களுக்கு உள்ள வாரிசுச் சட்டப்படி பிள்ளைகளுக்குச் சமபங்கு. அதாவது அந்தக் கதைகளில் பாதி தம்பிக்கு உரியது. அவர் கையெழுத்து இல்லாமல் பதிப்பாளரிடம் போகாதீர்கள். வெளியிலிருந்து கதை எழுதி அனுப்பியவரின் உரிமை பொதுவாக எழுதியவரிடமே இருக்கும். வானொலி நாடகங்களுக்கு ஒப்பந்தம் ஏதாவது இருந்தால் அதை வழக்கறிஞரிடம் காட்டுங்கள். இன்னொன்று பலருக்குத் தெரிவதில்லை. அம்மாவுக்கு வந்த கடிதங்களின் காகிதம்தான் உங்களுடையது. அதில் உள்ள எழுத்து எழுதியவருக்கோ அவருடைய வாரிசுகளுக்கோ சொந்தம். கேட்காமல் அச்சிடக் கூடாது.

பெட்டிக்கு வருவோம். முதல் வேலை, எதையும் தரம் பிரிக்காதீர்கள். எந்த நோட்டுக்குள் எந்த நறுக்கு செருகியிருந்ததோ அப்படியே இருக்கட்டும், அந்த வரிசையே ஒரு செய்தி. ஒவ்வோர் அடுக்காகக் கைபேசியில் படம் எடுத்துவிட்டுப் பிறகு தூக்குங்கள். துருப்பிடித்த ஊசிகளையும் கிளிப்புகளையும் மெதுவாக எடுத்துவிடலாம். கிழிந்த இடத்தில் செலோடேப் ஒட்டவே ஒட்டாதீர்கள். பிளாஸ்டிக் உறைபோட்டு லேமினேட் செய்வதும் கூடாது. நம் ஊர்க் காற்றின் ஈரத்தில் காகிதம் பூஞ்சை பிடிக்கும், வெள்ளிப்பூச்சி வரும். வெயிலில் காயவைத்தாலோ செய்தித்தாள் பழுப்பேறி நொறுங்கும். அமிலமற்ற அட்டைப்பெட்டி வாங்கி, சமையலறைக்கும் குளியலறைக்கும் தள்ளி, வெளிச்சுவரில் ஒட்டாத அலமாரியில் வையுங்கள். காலித் தகரப் பெட்டியையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

தேதி இல்லாத நோட்டு என்று கைவிட வேண்டாம். பின்னட்டையில் வாய்ப்பாடு, கடையின் முத்திரை, விலை எல்லாம் இருக்கும். கப்பல் பட்டறைப் படிவங்களின் பின்பக்கத்தில் அம்மா எழுதியிருந்தால் இன்னும் நல்லது. கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறை 1968-இல் பிரிட்டிஷாரிடமிருந்து கைமாறியது. படிவத்தின் தலைப்பில் யார் பெயர் இருக்கிறது என்று பார்த்தால் காலம் பிடிபடும். கதைகளில் சிங்கப்பூரையும் ஜோகூரையும் இணைக்கும் கடற்பாலத்தைக் கடக்கும் காட்சி வந்தால் அதையும் கவனியுங்கள். 1967-இல்தான் அங்கே கடவுச்சீட்டுச் சோதனை வந்தது. திருமணமான முதல் ஆண்டில் அம்மாவுக்குத் தாய்வீடு பஸ்ஸில் போய்வருகிற தூரம். அதற்குப் பிறகு அது கடவுச்சீட்டைக் காட்டிவிட்டுப் போக வேண்டிய ஊர். இதை உணர்ந்து ஒரு கதையாவது எழுதியிருப்பார் என்பது என் எதிர்பார்ப்பு.

நறுக்குகள் முழுமையாக இருக்காது. சிங்கப்பூர் நாளிதழான தமிழ் முரசின் பழைய இதழ்களைத் தேசிய நூலக வாரியம் மின்வடிவில் வைத்திருக்கிறது. சிலவற்றை வீட்டிலிருந்தே பார்க்கலாம், சிலவற்றுக்கு நூலகத்துக்கே போக வேண்டும். தேடுபெட்டியை மட்டும் நம்பாமல் ஞாயிறு இதழ்களைத் தேதிவாரியாகப் புரட்டுங்கள். 1950-களில் அதில் மாணவர்களுக்காக வந்த மாணவர் மணிமன்றப் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். அன்றைய பிள்ளை எழுத்தாளர்கள் பலருக்கு அதுதான் முதல் படி. அம்மா அப்போது தோட்டத்தில் இருந்த சிறுமி, சொந்தப் பெயரிலேயே எழுதியிருக்கலாம். கோலாலம்பூரில் 1924-இல் தொடங்கி 2019-இல் நின்றுபோன தமிழ் நேசன் நாளிதழையும் விட்டுவிடாதீர்கள். அதற்கு மலாயாப் பல்கலைக்கழக நூலகத்தில் விசாரியுங்கள்.

எல்லாம் முடிந்தபின் மூலப்பிரதிகளை வீட்டிலேயே வைத்திருப்பதா என்பது உங்கள் இருவரின் முடிவு. தேசிய நூலக வாரியத்திடம் கொடுப்பதானால், அந்த ஒரு நோட்டை மட்டும் குறிப்பிட்ட ஆண்டுகள்வரை யாருக்கும் காட்டக் கூடாது என்ற நிபந்தனை வைக்க முடியுமா என்று கொடுக்கும்முன் பேசி, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். தம்பிக்கு இது நிம்மதி தரக்கூடும். நோட்டை எரித்துவிடலாம் என்று யாராவது சொன்னால் மட்டும் தயவுசெய்து இசையாதீர்கள். அது வீட்டில் பூட்டியே கிடந்தாலும் பரவாயில்லை.

வாழ்க்கை வரலாற்றை எழுதும்போது ஒன்று கேட்டுக்கொள்கிறேன். தோட்டத்தில் கஷ்டம், சிங்கப்பூரில் விடிவு என்று இரண்டு பாகமாகப் பிரிக்காதீர்கள். செம்பவாங்கிலும் ஈசூனிலும் அம்மா எந்த நேரத்தில் எழுதினார்? அடுப்பில் என்ன இருந்தது? நீங்களும் தம்பியும் எங்கே படுத்திருந்தீர்கள்? அப்பா கதைகளைப் படித்தாரா, தபாலில் போட்டாரா, எரிச்சல்பட்டாரா? உங்களுக்கு நினைவிருப்பதும் தம்பிக்கு நினைவிருப்பதும் ஒத்துப்போகாது. இரண்டையும் எழுதுங்கள். "அக்கா இப்படிச் சொல்கிறாள், எனக்கு நினைவிருப்பது வேறு" என்று தம்பி சொல்லத் தொடங்கினாலே அவரும் இந்த வேலைக்குள் வந்துவிட்டார் என்று பொருள்.

அட்டைக்கு வருகிறேன். கதைத்தொகுப்பின் முகப்பில் அம்மா தேர்ந்தெடுத்த புனைபெயர்தான் இருக்க வேண்டும். அவர் அந்தப் பெயரில்தான் வாசகர்களிடம் போனார், அதை மாற்ற நமக்கு உரிமை இல்லை. உள்ளே ஆசிரியர் குறிப்பில் பிறப்புச் சான்றிதழில் உள்ள பெயர், பிறந்த தோட்டம், தந்தை பெயர், தாய் பெயர் எல்லாம் வரட்டும். பாட்டியின் பெயரை விட்டுவிடாதீர்கள். நீங்கள் எழுதும் வாழ்க்கை வரலாற்றுக்கு ஆசிரியர் நீங்கள். அதில் உங்கள் பெயர். அச்சிடுமுன் தேசிய நூலக வாரியத்திடம் ஐஎஸ்பிஎன் எண் (புத்தகத்தின் அடையாள எண்) வாங்கிக்கொள்ளுங்கள், வெளிவந்தபின் இரண்டு பிரதிகளைச் சட்டப்படி அங்கே ஒப்படைக்க வேண்டும். அப்போது புனைபெயரும் இயற்பெயரும் ஒருவரையே குறிக்கின்றன என்று ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். தோட்டத்துச் சிறுமியாக எழுதியதையும் செம்பவாங் குடும்பப் பெண்ணாக எழுதியதையும் தேடி வருகிறவர்கள், எந்தப் பெயரில் தேடினாலும் உங்கள் அம்மாவிடமே வந்து சேரலாம்.